தாட்சண்யத்தில் எடுத்த படம்: 'மூவி 43' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலிவுட்டின் மோசமான படங்களைப் பற்றிப் பேச்சு வந்தால் என் நண்பர் வட்டத்தில் கடைசியில் இந்தப் படத்தில்தான் வந்து நிற்கும். நான் இரண்டு முறை பார்த்தவன் என்பதால் கேள்விகளும் என்னிடமே வரும். ஒவ்வொரு முறையும் வாயால் சொல்லி அலுத்துப்போய், ஒரேயடியாக எழுதி வைத்துவிட்டேன்.

இது என்ன மாதிரியான படம்?

2013 ஜனவரி 25 அன்று அமெரிக்காவில் வெளியான நகைச்சுவைப் படம். ஒரே கதை கிடையாது. பத்துக்கும் மேற்பட்ட குட்டிக் கதைகள், ஒவ்வொன்றையும் வேறு வேறு ஆட்கள் இயக்க, வேறு வேறு நடிகர்கள் நடித்து, எல்லாவற்றையும் சேர்த்துத் தைத்த படம். ஒன்றரை மணி நேரம் ஓடும். பின்னால் நின்று நடத்தியவர்கள் இயக்குநர் பீட்டர் ஃபாரெல்லியும் தயாரிப்பாளர் சார்ல்ஸ் வெஸ்லரும்.

நடிகர் பட்டியலைப் படித்தால் தலை சுற்றும். ஹியூ ஜாக்மன், கேட் வின்ஸ்லெட், ஹாலி பெர்ரி, எம்மா ஸ்டோன், நவோமி வாட்ஸ், ரிச்சர்ட் கியர், உமா தர்மன், ஜெரார்ட் பட்லர், கிறிஸ் பிராட், டெரன்ஸ் ஹோவர்ட், கீரன் கல்கின். இன்னும் பாதிப் பேரைச் சொல்லவில்லை.

பெயருக்கு என்ன அர்த்தம்? முதல் 42 எங்கே?

அப்படி எதுவும் இல்லை. ஃபாரெல்லியின் மகன் தன் நண்பர்களோடு இந்தப் பெயரில் ஏதோ ஒரு படத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததாகவும், விசாரித்தால் அப்படி ஒரு படமே இல்லை என்றும், பெயர் நன்றாக இருக்கிறதே என்று எடுத்துக்கொண்டதாகவும் சொல்கிறார்கள். படத்துக்கும் பெயருக்கும் சம்பந்தம் தேடினால் நேரம்தான் வீண்.

இத்தனை பெரிய நட்சத்திரங்களை எப்படிப் பிடித்தார்கள்? கோடி கோடியாகக் கொடுத்தார்களா?

படத்தின் மொத்தச் செலவே சுமார் 60 லட்சம் டாலர். அந்தப் பட்டியலில் உள்ள ஒருவருடைய வழக்கமான சம்பளத்துக்கே அது காணாது. கிட்டத்தட்ட எல்லோருமே பெயரளவுக்கு ஒரு தொகையை வாங்கிக்கொண்டுதான் நடித்தார்கள்.

பிடித்த விதம்தான் இந்தப் படத்தின் உண்மையான கதை. படத்தை விட அது சுவாரஸ்யமானதும்கூட.

வெஸ்லர் இந்த யோசனையோடு பல வருடம் அலைந்தார். 1970களில் வந்த துண்டுக் காமெடிப் படங்கள் மாதிரி, கட்டுப்பாடே இல்லாமல் ஒன்று செய்ய வேண்டும் என்பது அவர் ஆசை. முதலில் மூன்று இயக்குநர் ஜோடிகளை வைத்து எடுப்பதாகத் திட்டம். அது உடைந்துபோனது. ஸ்டுடியோக்கள் கதவைச் சாத்தின. கடைசியில் ரிலேட்டிவிட்டி மீடியா என்ற நிறுவனம் அந்த 60 லட்சத்தைக் கொடுத்தது.

ஒரு கல்யாணத்தில் வெஸ்லர் ஜாக்மனைச் சந்திக்கிறார். விஷயத்தைச் சொல்கிறார், ஸ்கிரிப்டை அனுப்புகிறார், ஜாக்மன் சரி என்கிறார். ஜாக்மன் வந்ததும் எதிரில் நடிக்க வின்ஸ்லெட் வருகிறார். முதலில் அந்த ஒரு துண்டை மட்டும் எடுத்து முடித்தார்கள். அப்புறம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மற்றவர்களிடம் போனார்கள். 'பாருங்கள், கேட் வின்ஸ்லெட்டே நடித்திருக்கிறார். நீங்கள் இரண்டு நாள் தர மாட்டீர்களா?' என்பதுதான் பேச்சின் சாரம்.

மொய் நோட்டு மாதிரிதான். முதல் பக்கத்தில் ஊர்ப் பெரிய மனிதர் நல்ல தொகையாக எழுதிவிட்டால் அடுத்து வருகிறவருக்குக் கை நடுங்கும். தெரிந்தவர், நண்பர், நண்பரின் நண்பர் என்று ஆளுக்கு இரண்டு நாள், மூன்று நாள் எழுதினார்கள். அவரவருக்கு எப்போது தோதுப்படுமோ அப்போது படப்பிடிப்பு. இப்படியே சில வருடங்கள் ஓடின. காத்திருப்பது, அவர்கள் கேட்கும் நேரத்தில் எடுப்பது, குற்ற உணர்ச்சி வரும்வரை விடாமல் நச்சரிப்பது, இதுதான் வழி என்று ஃபாரெல்லியே பேட்டியில் சொல்லியிருக்கிறார்.

யாருமே முடியாது என்று சொல்லவில்லையா?

சொன்னவர்கள் உண்டு. ஜார்ஜ் க்ளூனியைக் க்ளூனியாகவே நடிக்கக் கேட்டார்கள். பெண்களிடம் பேசத் தெரியாத க்ளூனி என்பது ஜோக். அவர் முகத்துக்கு நேராக மறுத்துவிட்டார். காலின் ஃபாரெல் முதலில் ஒப்புக்கொண்டு பிறகு விலகினார்.

ரிச்சர்ட் கியர் கதை தனி. வெஸ்லரின் நண்பர் என்பதால் சரி என்று தலையாட்டிவிட்டார். நாள் நெருங்க நெருங்க நழுவப் பார்த்தார். தனக்கு நாலு நாள்தான் கிடைக்கும், அதுவும் நியூயார்க்கில் எடுத்தால்தான் வர முடியும் என்று நிபந்தனை போட்டார். இவர்களா விடுவார்கள்? ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து, ஊரையே மாற்றி, அவர் சொன்னபடியே எடுத்து முடித்தார்கள். அந்தத் துண்டில் அவர் முகத்தைக் கவனியுங்கள். பிடிக்காத சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தில் பந்திக்கு உட்கார்ந்தவர் முகம் அது.

சரி, கதை என்று ஏதாவது உண்டா?

துண்டுகளைக் கட்ட ஒரு கயிறு உண்டு. அதிலும் இரண்டு வகை.

அமெரிக்காவில் ஓடிய பதிப்பில் டென்னிஸ் குவைட் ஒரு அரைக்கிறுக்குத் திரைக்கதை ஆசிரியர். கிரெக் கின்னியர் நடிக்கும் ஸ்டுடியோ அதிகாரியிடம் ஒவ்வொரு கதையாகச் சொல்கிறார். அதிகாரி வேண்டாம் என்றதும் துப்பாக்கியை எடுத்து நீட்டிக் கதை கேட்க வைக்கிறார். இந்தக் கிறுக்கருக்குப் படத்தில் வைத்த பெயர் சார்லி வெஸ்லர். ஆம், தயாரிப்பாளரின் பெயரேதான்! அவர் வருடக்கணக்கில் ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைந்ததை நினைத்துக்கொண்டு பார்த்தால், படத்திலேயே மனசு விட்டுச் சொன்ன இடம் இதுதானோ என்று தோன்றும்.

பிரிட்டனில் ஓடிய பதிப்பில் கயிறு வேறு. மூன்று பையன்கள் இணையத்தில் உலகிலேயே அதிகம் தடை செய்யப்பட்ட படத்தைத் தேடுகிறார்கள். தேடத் தேட ஒவ்வொரு துண்டாகக் கிடைக்கிறது. ஒரே படத்தைக் கட்ட இரண்டு கயிறு எடுத்து வைத்திருந்தார்கள் என்றால், எதில் கட்டினாலும் அவிழும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

அந்தக் கழுத்து விஷயம் என்ன? எல்லோரும் அதையே சொல்கிறார்களே?

படத்தின் அடையாளமே அதுதான், ஆகவே நிதானமாகச் சொல்கிறேன்.

வின்ஸ்லெட் இதுவரை பார்த்திராத ஒருவரோடு இரவு உணவுக்குப் போகிறார். வருகிறவர் ஜாக்மன்: அழகு, பணம், பண்பு, ஊரே கொண்டாடும் பிரம்மச்சாரி. கழுத்தில் ஒரு ஸ்கார்ஃப். நல்ல உணவகம், மெழுகுவத்தி வெளிச்சம். உட்கார்ந்ததும் ஸ்கார்ஃபைக் கழற்றுகிறார். தாடைக்குக் கீழே, தொண்டைக்குழிக்கு நேராக, இரண்டு விரைகள் தொங்குகின்றன.

வின்ஸ்லெட் உறைந்துபோகிறார். ஜாக்மனுக்கு ஒன்றுமே தெரியாது. பரிமாற வருகிறவர் கண்ணிலும் படவில்லை, அக்கம்பக்கத்தில் இருப்பவர்களுக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. வின்ஸ்லெட் ஒருவருக்குத்தான் தெரிகிறது, அவருக்கு மட்டும்தான் சாப்பாடு இறங்கவில்லை.

முதல் ஒன்றரை நிமிடம் எனக்குச் சிரிப்பு வந்தது, மறைக்க மாட்டேன். சிரிக்க வைத்தது கழுத்தில் தொங்குவது இல்லை, வின்ஸ்லெட்டின் கண்கள். எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மேசை, தட்டு, சுவர் என்று அலைந்துவிட்டு மறுபடி அங்கேயே வந்து விழும். பெரிய நடிகை என்றால் என்ன என்பது இந்தக் கூத்தின் நடுவிலும் தெரிகிறது.

ஆனால் அதன் பிறகு காட்சிக்குப் போக இடமில்லை. ஜோக் ஒன்று. அது ஸ்கார்ஃபைக் கழற்றியபோதே முடிந்துவிட்டது. மீதி நேரம் முழுக்க அதே ஜோக்கை இந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள், அந்தப் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள். கடி ஜோக் சொன்னவர் நாம் சிரிக்கவில்லை என்று விளக்கம் சொல்ல ஆரம்பிப்பாரே, அந்த அவஸ்தை.

அப்படியானால் ஆபாசம்தான் பிரச்சினையா?

நான் அப்படி நினைக்கவில்லை. அசிங்கமான ஜோக்கும் நல்ல ஜோக்காக இருக்க முடியும். ஃபாரெல்லி தன் தம்பியோடு சேர்ந்து 1990களில் எடுத்த படங்களில் அருவருப்புக்குக் குறைவே இல்லை, ஆனால் தியேட்டர் அதிர்ந்தது. அங்கே அசிங்கம் நடப்பது நமக்குப் பிடித்துப்போன ஒரு ஆளுக்கு. அவன்மேல் இரக்கம் வந்த பிறகு அவன் மாட்டிக்கொள்வான். இங்கே ஆறேழு நிமிடத் துண்டில் ஆளைப் பிடிக்க நேரமே இல்லை. நடிகரைத்தான் நமக்குத் தெரியும். ஆகவே ஒவ்வொரு துண்டிலும் சிரிப்புக்குக் காரணம் ஒன்றே ஒன்று: 'ஐயோ, இவரா இதைச் செய்கிறார்!' இந்த ஆச்சரியம் முதல் இரண்டு முறை வேலை செய்யும். பத்தாவது முறை கொட்டாவிதான் வரும்.

இதற்கும் தாட்சண்யத்துக்கும் ஒரு முடிச்சு இருப்பதாக நினைக்கிறேன். கூலி கொடுத்துக் கூப்பிட்டவரிடம் 'இன்னொரு நாள் வாருங்கள், முடிவு சரியாக வரவில்லை' என்று கேட்கலாம். உதவிக்கு வந்தவரிடம் எப்படிக் கேட்பது? வந்ததே பெரிது, கிடைத்ததை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் படத்தில் பெரும்பாலான துண்டுகளுக்கு முடிவே இல்லை என்பதைக் கவனியுங்கள். திடீரென்று யாராவது அடிபடுவார்கள், அல்லது சும்மா நின்றுவிடும்.

ஒன்றைக்கூடவா வெட்டி எறியவில்லை?

எறிந்தார்கள். ஜூலியன் மூரும் டோனி ஷலூபும் நடித்து, பாப் ஓடன்கிர்க் இயக்கிய ஒரு துண்டு தியேட்டர் பதிப்பில் இல்லை. பிறகு வீட்டில் பார்க்க வந்த வட்டில் கூடுதலாகச் சேர்த்தார்கள். ஒரு முழுத் துண்டைத் தூக்கத் தெரிந்தவர்களுக்கு, இருக்கிற துண்டுகளில் ஆளுக்கு இரண்டு நிமிடம் கத்தரிக்கத் தெரியவில்லை.

உருப்படியாக ஒன்றுமே இல்லையா?

இருக்கிறது. வீட்டிலேயே பாடம் படிக்கும் பையனைப் பற்றிய துண்டு. அம்மா நவோமி வாட்ஸ், அப்பா லீவ் ஷ்ரைபர். நிஜத்திலும் அப்போது அவர்கள் ஜோடி. பையனைப் பள்ளிக்கு அனுப்பவில்லை, ஆனால் பள்ளிக்கூட அனுபவம் எதுவும் அவனுக்குத் தவறிவிடக் கூடாது என்று பெற்றோருக்குக் கவலை. ஆகவே வீட்டிலேயே அவனை ராகிங் செய்கிறார்கள், ஒதுக்கி வைக்கிறார்கள், அவமானப்படுத்துகிறார்கள். முதல் முத்தம்வரை எல்லாம் 'பாடத்திட்டத்தில்' உண்டு. புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுத் தம்பதியிடம் காபி குடித்துக்கொண்டே, பெருமை பொங்க இதையெல்லாம் விளக்குகிறார்கள்.

இது ஏன் நிற்கிறது, கழுத்து ஜோக் ஏன் படுத்துவிட்டது? இங்கே ஒவ்வொரு நிமிடமும் ஒரு படி மேலே போகிறது. அடுத்து என்ன என்று கேட்கப் பயமாக இருக்கிறது, கேட்காமலும் இருக்க முடியவில்லை. அதோடு பின்னால் ஒரு உண்மை இருக்கிறது: பிள்ளைக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் பெற்றோர் எதுவரை போவார்கள்? அந்தப் பையனாக நடித்தவர் ஜெர்மி ஆலன் வைட். இப்போது சமையல்காரர் வேடத்தில் தொலைக்காட்சியில் எம்மி விருதுகளை வாங்கிக் குவித்தவர் அவரேதான்.

டெரன்ஸ் ஹோவர்டின் கூடைப்பந்துத் துண்டும் தேறும். 1959. கறுப்பின மாணவர் அணிக்கு வெள்ளையர் அணியோடு முதல் ஆட்டம், பயத்தில் நடுங்குகிறார்கள். பயிற்சியாளர் உணர்ச்சிகரமாகப் பேசுவார் என்று எதிர்பார்த்தால், 'நீங்கள் கறுப்பர்கள், அவர்கள் வெள்ளையர்கள், இது கூடைப்பந்து, இதில் பயப்பட என்னடா இருக்கிறது?' என்கிற ரீதியில் எரிந்து விழுகிறார். விளையாட்டுப் படங்களின் கண்ணீர்ப் பேச்சுகளை ஒரே போடாகப் போட்டுவிடுகிறது. சின்னதாகவும் இருக்கிறது.

எலிசபெத் பேங்க்ஸ் இயக்கியதில் பாதி நன்று. குளோயி கிரேஸ் மோரெட்ஸ் தோழன் வீட்டில் இருக்கும்போது முதல் மாதவிடாய். வீட்டில் இருப்பது முழுக்க ஆண்கள். ஒருவனுக்கும் ஒன்றும் தெரியவில்லை, ரத்தத்தைப் பார்த்து அவர்கள் அலறுகிற அலறலில் ஒரு நியாயமான கேலி இருக்கிறது. அப்புறம் வழக்கம்போல இழுத்துக் கெடுத்தார்கள்.

மொத்தத்தில் எது படுமோசம்?

கடும் போட்டி. என் ஓட்டு ஹாலி பெர்ரியும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் வரும் துண்டுக்கு. முதல் சந்திப்பில் ஒருவருக்கொருவர் சவால் விட்டுக்கொள்வது என்று ஆரம்பித்து, எங்கேயோ போய், கடைசியில் மெர்ச்சன்ட் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு ஆசிய முகத்தோடு வந்து நிற்கிறார். முகச்சாயலே ஜோக்காம். அன்னா ஃபாரிஸும் கிறிஸ் பிராட்டும் நடித்ததைச் சாப்பாட்டு நேரத்தில் விளக்க முடியாது. சாப்பிடாத நேரத்திலும் நான் விளக்கப்போவதில்லை.

விமர்சகர்கள் நிஜமாகவே அவ்வளவு கடுமையாகத் திட்டினார்களா?

முன்கூட்டியே அவர்களுக்குப் படத்தைப் போட்டுக் காட்டவில்லை. அதுவே ஒரு சமிக்ஞை. பணம் கொடுத்துப் பார்த்துவிட்டு எழுதினார்கள், அந்தக் கோபமும் சேர்ந்துகொண்டது. ராட்டன் டொமேட்டோஸ் தளத்தில் பாராட்டிய விமர்சனங்கள் நூற்றுக்கு ஐந்தைத் தாண்டவில்லை. ரிச்சர்ட் ரோப்பர் இதை 'மோசமான படங்களின் சிட்டிசன் கேன்' என்றார். உலகின் தலைசிறந்த படம் என்று பலர் சொல்லும் படம் 'சிட்டிசன் கேன்' என்பதால், அந்த அடி எங்கே விழுந்தது என்று புரியும். விமர்சகர்கள்தான் இப்படி என்று தள்ளிவிடவும் முடியாது. தியேட்டரை விட்டு வெளியே வந்த சாதாரண ரசிகர்களிடம் மதிப்பெண் வாங்கும் சினிமாஸ்கோர் கணக்கில் கிடைத்தது 'டி'.

ஃபாரெல்லிக்குப் பொறுக்கவில்லை. இது உலகத்தின் முடிவு இல்லை, 60 லட்சம் டாலரில் புதிதாக ஏதோ முயன்றோம், கொஞ்சம் விலகிப் போங்கள் என்கிற தொனியில் ட்விட்டரில் பதில் போட்டார். அதில் பாதி நியாயம் இருந்தது. இருபது மடங்கு செலவழித்து எடுத்த மொக்கைகளை இதைவிட மென்மையாக நடத்தியிருக்கிறார்கள்.

ராஸி விருது கிடைத்ததா?

மூன்று. ஆஸ்கருக்கு முந்தைய நாள் மோசமானவற்றுக்குக் கொடுக்கும் கேலி விருது அது. 2014 மார்ச்சில் மோசமான படம், மோசமான திரைக்கதை, மோசமான இயக்கம் மூன்றும் இதற்கே போயின. இயக்கத்துக்கான விருது 13 பேருக்குச் சேர்த்து. ஆளுக்கு ஒரு விள்ளல் வந்திருக்கும்.

தயாரிப்பாளர் நடுத்தெருவுக்கு வந்தாரா?

அதுதான் இல்லை. அமெரிக்காவில் முதல் வார இறுதியில் சுமார் 48 லட்சம், மொத்தமாக 88 லட்சம் டாலர் வந்தது. வெளிநாடுகளையும் சேர்த்தால் உலக வசூல் 3 கோடி டாலரைத் தாண்டியது. தியேட்டர் பங்கு, விளம்பரச் செலவு எல்லாம் கழிய வேண்டும், ஆனாலும் 60 லட்சத்துப் படத்துக்கு இது தோல்வி என்று சொல்ல நாக்கு வராது. போஸ்டரில் அத்தனை பெயர்களைப் பார்த்து டிக்கெட் எடுத்தவர்கள் கொடுத்த காசு.

நடித்தவர்களின் பிழைப்பு கெட்டதா?

ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. படம் வெளியான வாரத்தில் ஜாக்மனும் நவோமி வாட்ஸும் வேறு படங்களுக்காக ஆஸ்கர் பரிந்துரைப் பட்டியலில் இருந்தார்கள். படத்துக்கு விளம்பரம் செய்யப் பெரும்பாலோர் எட்டிப் பார்க்கவில்லை, அந்தச் சாமர்த்தியமும் உதவியிருக்கலாம். எம்மா ஸ்டோன் பிறகு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். அவரோடு அதே துண்டில் நடித்த கீரன் கல்கின் 2025இல் ஒன்று வாங்கினார். நள்ளிரவில் ஒரு மளிகைக் கடையில் பழைய காதலர்கள் இருவரும் அந்தரங்கமாகச் சண்டை போட, மைக் அணையாமல் இருந்து கடை முழுக்கக் கேட்டுவிடும், அந்தத் துண்டு. பாத்திரங்கள் பேசுவது காது கூசும், ஆனால் பேசுகிற தொனி அசல் காதல்.

கடைசியில் வரும் கார்ட்டூன் பூனைக் கதையை இயக்கிய ஜேம்ஸ் கன், அடுத்த வருடமே மார்வெலின் விண்வெளிப் படமெடுத்து உச்சிக்குப் போனார், இன்று டிசி ஸ்டுடியோஸின் தலைமையில் இருக்கிறார். ஃபாரெல்லி? 2019இல் அவருடைய 'கிரீன் புக்' சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. மோசமான படத்துக்கான ராஸியையும் சிறந்த படத்துக்கான ஆஸ்கரையும் ஆறு வருடத்துக்குள் வாங்கிய மனிதர்.

குடும்பத்தோடு பார்க்கலாமா?

கூடாது. பெரியவர்களுக்கு மட்டும். கதவைச் சாத்திக்கொண்டு, காதில் ஹெட்போனோடு.

எந்தப் பதிப்பைப் பார்ப்பது?

கிடைத்ததைப் பாருங்கள். எனக்கு அமெரிக்கப் பதிப்பு கொஞ்சம் மேல், குவைட்டின் துப்பாக்கிக்காக.

இவ்வளவு சொன்ன பிறகும் பார்க்கத்தான் வேண்டுமா?

நான் முதல் முறை பார்த்தது ஹாஸ்டல் அறையில், ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஏழு பேர். படத்தைப் பார்த்துச் சிரித்ததை விட ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துச் சிரித்ததுதான் அதிகம். இரண்டாவது முறை போன மாதம், தனியாக, இதை எழுதுவதற்காக. நாற்பதாவது நிமிடத்தில் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினேன்.

முழுப் படமும் வேண்டாம். வீட்டுப் பள்ளித் துண்டு, கூடைப்பந்துத் துண்டு, அப்புறம் கழுத்துத் துண்டில் ஸ்கார்ஃப் கழன்றதிலிருந்து ஒன்றரை நிமிடம். கையில் ரிமோட் இருக்கட்டும், படம் எடுத்தவர்கள் செய்யாத எடிட்டிங்கை நீங்கள் செய்துகொள்ளலாம்.